நிரப்பிய பள்ளம்

மைனியிடம் நல்ல பேர் வாங்குவது என்பது, கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு வந்த நாளிலிருந்து ஆக்னஸுக்குக் கைகூடாத காரியமாகவே இருந்தது. மைனி என்றால் புருஷன் இருதயராஜின் அக்கா, புஷ்பா. பணகுடிப் பக்கத்தில் பிறந்து, குஷாய்குடாவில் சொந்த வீடு கட்டி, அதில் இரண்டு கிரைண்டர் போட்டு, ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கிற தமிழ் வீடுகளுக்கெல்லாம் இட்லி மாவு கொடுக்கிறவள். ஆக்னஸ் வைத்த குழம்பு அவளுக்கு நீர்த்திருக்கும். ஆக்னஸ் கூட்டிய வீட்டில் அவளுக்கு மட்டும் தூசி தென்படும். தம்பி பொண்டாட்டி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்பெனியில உக்காந்து படம் வரையுதா. சின்னப் பிள்ளைங்க சிலேட்டுல வரையும்லா, அது மாதிரி" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

அந்த வாய் போன கோடையில்தான் அடங்கியது.

ஊரில் மழைத்தண்ணீர் எங்கே தேங்கும், எங்கே வடியும் என்று ஒரு படம் போட்டுத் தரும் வேலை ஆக்னஸின் கம்பெனிக்கு வந்திருந்தது. சின்னக் கம்பெனி. ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு பேக்கரிக்கு மேலே நாலு கம்ப்யூட்டர், ஒரு முதலாளி. ஆள் போதாததால் படம் போடுகிறவர்களே தெருவில் இறங்கி அளவெடுக்கவும் வேண்டியிருந்தது. ஏப்ரல் வெயிலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, மூன்று கால் ஸ்டாண்டில் லெவல் கருவியை ஏற்றி, எதிரே ஒருத்தனை அளவுகோலைப் பிடிக்கச் சொல்லி, தெருத் தெருவாகத் தரையின் உயரத்தைக் குறித்துக்கொண்டு போனாள் ஆக்னஸ். புஷ்பாவின் தெருவையும் அவள்தான் அளந்தாள். அன்றைக்கு மத்தியானம் மைனி வீட்டில் வாளைக் கருவாட்டுக் குழம்பும் சோறும். "வெயில்ல கருத்துப் போனியே பிள்ள" என்று மைனி மோரை நீட்டியதை ஆக்னஸ் நம்பமுடியாமல் வாங்கிக் குடித்தாள்.

அளவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஊர் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாகிவிடும். கட்டத்துக்கு ஓர் உயரம். அதை வைத்துக் கணக்குப் போட்டு, தண்ணீர் தேங்கும் கட்டத்துக்கு நீலம், தேங்காததற்கு வெள்ளை என்று படம் வந்தது. புஷ்பாவின் தெரு சுத்தமான வெள்ளை. ஒரு பிரதியை ஆக்னஸ் மைனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். புஷ்பா அதைக் கண்ணாடி போட்டு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். மாவு வாங்க வந்தவர்கள், கேஸ் சிலிண்டர் போட வந்தவன் எல்லோருக்கும் காட்டினாள். "எந் தம்பி பொண்டாட்டி போட்டது. கவர்மெண்டுக்கே இவதான் போட்டுக் குடுத்திருக்கா." ஆக்னஸுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் உச்சி குளிர்ந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

ஆகஸ்டு மாதம் மழை வந்தது. ஹைதராபாத் மழை வழக்கமாகச் சாயங்காலம் வந்து முகம் காட்டிவிட்டுப் போகும். இது அப்படிப்பட்ட மழையில்லை. ராத்திரியெல்லாம் ஊற்றி, விடிந்தும் விடாமல் ஊற்றியது. இருதயராஜ் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டுக்குப் போனவன் திரும்பவில்லை. ஆக்னஸ் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆபீஸ் வந்து சேர்ந்தபோது, முதலாளி சாரங்கபாணி மட்டும்தான் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்தில் வந்து ஊன்றிய குடும்பம் அவருடையது.

"ஆவோ ஆக்னஸ், வந்துட்டியா? ஒரு சேதி கேளு. கவர்மெண்ட் வெள்ளக் கண்ட்ரோல் ரூம்ல நம்ம மேப்பை சுவத்துல ஒட்டி வெச்சு, அதைப் பாத்துத்தான் லாரி அனுப்பறாங்களாம். நீலமா இருக்கற எடத்துக்கெல்லாம் லாரி, படகு எல்லாம் போவுது. இப்பதான் ஃபோன் வந்தது" என்றார். முகமெல்லாம் பல்.

அவர் சொல்லி முடிக்கும் முன்பே மறுபடியும் ஃபோன் அடித்தது. புஷ்பா.

"ஏட்டி ஆக்னஸ், தெருவுல கணுக்காலுக்கு மேல தண்ணி நிக்கி. அங்கன ரெண்டு வீட்டுக்காரனுவ பொட்டியும் படுக்கையுமா கெளம்பப் பாத்தானுவ. நாங்க என்ன செய்ய? உங்க அண்ணாச்சிய வேற இந்தக் கால வச்சுக்கிட்டு எங்கன தூக்க?"

அண்ணாச்சி என்பது புஷ்பாவின் புருஷன் தேவசகாயம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, தொடையில் கம்பி வைத்து, கட்டிலோடு கிடந்தார்.

"பயப்படாதிய மைனி. உங்க தெரு வெள்ளைலா. தண்ணி நிக்காது, வடிஞ்சிரும்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். கெளம்பினவனுவளையும் நான்தான் புடிச்சு நிறுத்தினேன். எதுத்த வீட்டு மெத்தைக்கடை ஜுலைகா, பஞ்சையெல்லாம் மாடிக்கு ஏத்தட்டான்னு கேட்டா. எந் தம்பி பொண்டாட்டி மண்ணுல நின்னு அளந்து போட்ட படம், நீ சும்மா கெடன்னு சொல்லிட்டேன். சரி வைக்கேன், மாவு வாங்குதவங்களுக்குச் சொல்லணும்."

நல்ல பேர் என்றால் இதற்கு மேல் ஒரு நல்ல பேர் கிடையாது. ஆனாலும் ஃபோனை வைத்த பிறகு ஆக்னஸுக்கு மனசு நிலைகொள்ளவில்லை. அவள் கணக்குப்படி அந்தத் தெருவில் தண்ணீர் வந்த வேகத்தில் மேற்கே இறங்கி ஓடியிருக்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் நிற்பானேன்?

கம்ப்யூட்டரைப் போட்டாள். அதில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று, தெருவில் எடுத்த அளவுகளை அப்படியே வைத்துச் செய்தது. இன்னொன்று, பள்ளம் நிரப்பியது.

பள்ளம் நிரப்புவது என்பது இந்தத் தொழிலில் ஒரு பழக்கம். தண்ணீர் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு இறங்கும் என்று கம்ப்யூட்டர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும். நடுவில், சுற்றிலும் மேடாக ஒரு குழி வந்துவிட்டால் கணக்கு அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். அப்படி வருகிற குழிகளில் முக்கால்வாசி நிஜக் குழி இல்லை. யாரோ அளவுகோலைத் தப்பாகப் படித்ததால் வந்த பிசகு. அதனால் கணக்குப் போடுமுன் ஒரு கட்டளை கொடுத்து எல்லாக் குழியையும் சுற்றியுள்ள மேட்டுக்குச் சமமாக உயர்த்திவிடுவார்கள். உலகத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆக்னஸும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் போகிற அவசரத்தில், அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது நிரப்பிய படத்திலிருந்து நிரப்பாத படத்தைக் கழிக்கச் சொன்னாள். வித்தியாசம் இருக்கிற கட்டம் கறுப்பாக வரும். பழைய மெஷின் முக்கி முனகி மேலிருந்து கீழாக வரி வரியாகப் படத்தை இறக்கியது. ஜன்னலுக்கு வெளியே தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் பேக்கரிக்காரன் போட்ட கூச்சல்கூடக் கேட்கவில்லை. ஒற்றை ஒற்றைப் புள்ளிகளாகக் கறுப்பு வந்தது. அதெல்லாம் பிசகுதான். பிறகு கெட்டியாக, திட்டுத் திட்டாகச் சில கறுப்புகள் வந்தன. குஷாய்குடா இறங்கியபோது புஷ்பாவின் தெரு முழுக்கக் கறுப்பாக வந்தது. எத்தனை ஆழம் என்று கேட்டாள். ஓர் ஆள் மட்டம்.

அவள் நின்ற இடம். அவள் கையால் எடுத்த அளவு. அந்தப் பக்கம் ரோடு போடுவதற்காக மொரம்பு மண்ணைத் தோண்டி எடுத்து, தோண்டிய பள்ளத்தையே மனை போட்டு விற்றிருக்கிறார்கள் என்று தேவசகாயம் அண்ணாச்சியே அன்றைக்குச் சோறு தின்றுகொண்டே சொல்லியிருந்தார். அந்தப் பள்ளத்தில் நின்று வேர்வை வழிய அளந்துவிட்டு, ஆபீசில் வந்து அதை மூடியிருக்கிறாள். ஆக்னஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சார், இந்தக் குழியெல்லாம் நெசம் சார். நாம மூடிட்டோம். கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லணும்."

சாரங்கபாணி வந்து பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டியதில்லை, ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. முகத்திலிருந்த பல்லெல்லாம் உள்ளே போனது.

"நக்கோ, வேணாம் ஆக்னஸ். வாயைத் தொறக்காதே. மேப்பைக் குடுத்தாச்சு, சரின்னு வாங்கிக்கிட்டாச்சு. இப்ப போயி தப்புன்னா ஷட்டரை எறக்கிட்டுப் போக வேண்டியதுதான். மழை விடட்டும். திருத்தி அனுப்பிக்கலாம்."

"மழை விட்ட பொறவு யாருக்கு சார் அனுப்ப?"

"எதுக்கு இவ்ளோ டென்ஷன் பண்றே? தண்ணி தானா வடியும்."

அவள் மைனி வீட்டுக்கு ஃபோன் போட்டாள். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகச் சத்தம் வந்தது. மறுபடியும் போட்டாள். அதே சத்தம். புஷ்பா வீடு வீடாகக் கூப்பிட்டு, மழையானாலும் மாவு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆக்னஸ் செருப்பைக்கூடத் தேடவில்லை. படியிறங்கி ஓடினாள்.

பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. குஷாய்குடா ரோட்டில் தண்ணீர் காபிக் கலரில் ஓடியது. ஒரு காய்கறி வண்டி குப்புறக் கிடந்தது. எதிரே வந்த ஒரு ஆள், மேலே ஏரி நிரம்பி மறுகால் பாய ஆரம்பித்துவிட்டது, அந்தப் பக்கம் போகாதே என்று தெலுங்கில் கத்தினான். அந்தப் பக்கம்தான் போகவேண்டும் என்று அவனிடம் நின்று சொல்ல அவளுக்கு நேரமில்லை. வழியெல்லாம் அவள் மாதாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மைனி இந்நேரம் பயந்துபோய்த் தன் பேச்சைக் கேட்காமல் வெளியேறியிருக்க வேண்டும்.

புஷ்பா வெளியேறவில்லை. தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. வாசலில் செங்கல்லை அடுக்கி, அதற்கு மேல் சாக்கைப் போட்டு அடைத்துவிட்டு, கிரைண்டர் இரண்டையும் மேசைமேல் ஏற்றிவைத்து, மாவை ஏனத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. இந்த ஏனத்தப் புடி."

"மைனி, மாவ விடுங்க. அண்ணாச்சியத் தூக்கணும். ஜுலைகா வீட்டு மாடிக்குப் போயிரணும். இப்பமே."

"என்னத்துக்கு? வடிஞ்சிரும்னு சொன்னியே."

"தப்பாச் சொல்லிட்டேன் மைனி. இது பள்ளம். ஓர் ஆள் பள்ளம். ஏரி வேற மறுகால் பாயுது. தண்ணி இன்னும் ஏறும்."

புஷ்பா சுவரைக் காட்டினாள். "அப்பம் அது என்னது? வெள்ளையாத்தான கெடக்கு."

"அதுல பள்ளத்த நான் மூடிட்டேன்."

"மூடிட்டியா? எங்கன மூடுன? எப்பம் மண்ணடிச்ச?"

"மண்ணு இல்ல மைனி. கம்ப்யூட்டர்ல. பள்ளம் இருந்தா கணக்கு ஓடாதுன்னு, இருக்க பள்ளத்தயெல்லாம் மேடுன்னு மாத்திட்டேன். நெசப் பள்ளம் எது, பொய்ப் பள்ளம் எதுன்னு பாக்கணும். பாக்கலை."

"நீ இங்கன நின்னுதான அளந்த? எங்கையால சோறு தின்னுட்டு அளந்த."

"ஆமா மைனி."

"அளந்த நீயே மாத்துனியா?"

"ஆமா."

புஷ்பா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். வைவாள் என்று ஆக்னஸ் எதிர்பார்த்தாள். வைதிருந்தால் நன்றாயிருந்திருக்கும். புஷ்பா ஏதோ புதிதாக வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தாள். வாசலில் அடைத்த சாக்குக்குக் கீழேயிருந்து தண்ணீர் தரைக்கு வந்து, கட்டிலின் காலைத் தொட்டது.

"நான் எங்கயும் வரல்ல" என்றார் கட்டிலில் இருந்த தேவசகாயம். "நாலு பேரு கட்டிலோட தூக்கிட்டுத் தெருவுல போவானுவ. பாக்கவன் என்ன நெனைப்பான்? நான் சாவலம்மா இன்னும்."

"வாய மூடும்யா" என்றாள் புஷ்பா. குரல் உடைந்திருந்தது. "நீரு இங்கன கெடந்தா நெசமாவே தூக்கணும். ஏட்டி, போயி ஜுலைகா மவனுவளக் கூப்பிடு."

ஜுலைகா எதிர்வீட்டுக்காரி. கீழே மெத்தைக் கடை, மேலே வீடு. கல்யாண மெத்தை தைப்பதில் அந்தப் பக்கத்தில் அவள் பேர்தான் முதலில் சொல்வார்கள். இரண்டு மகன்களும் பஞ்சு கொட்டுகிறவர்கள், நல்ல தேகக்கட்டு. ஆக்னஸ் கூப்பிட்டதும் குதித்து வந்தார்கள். நாடாக் கட்டிலை நாலு பேரும் நாலு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். முன்னால் மகன்கள், பின்னால் இரண்டு பெண்கள். அதற்குள் தெருவில் தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. நடுத்தெருவில் ஆக்னஸின் கால் ஏதோ குழாயில் இடறிக் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. தேவசகாயம் "யேசுவே" என்று அலறினார். புஷ்பா தோளைக் கொடுத்துத் தாங்கினாள். அந்தத் தோளில் பாரம் இறங்கியபோது அவள் பல்லைக் கடித்த சத்தம் ஆக்னஸுக்குக் கேட்டது.

மாடிப்படியில் கட்டிலை ஏற்ற முடியவில்லை. மூத்தவன் அவரை முதுகில் சுமந்துகொண்டு ஏறினான். வலியில் அவர் கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

கடைவாசலில் ஜுலைகா நின்றிருந்தாள். உள்ளே கூரை முட்ட அடுக்கியிருந்த பஞ்சுப் பொதிகளின் அடிவரிசை கறுத்து ஊறிவிட்டிருந்தது. சிவப்பு சாட்டின் போட்ட மெத்தைகள் இரண்டு மிதந்தன.

"க்யா ஹுவா புஷ்பாம்மா? பானி நை ஆதா போலே நா?" தண்ணீர் வராது என்று சொன்னாயே என்று கேட்கிறாள்.

ஆக்னஸ் வாயைத் திறந்தாள். புஷ்பா அவள் கையை அழுத்திப் பிடித்தாள்.

"மேரா கல்தி, அம்மா. என் தப்புதான்" என்றாள் புஷ்பா, தனக்குத் தெரிந்த ஹிந்தியில். "படம் சரியாத்தான் இருக்கு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். படிப்பு இல்லாதவ. மன்னிச்சிரு." பிறகு ஆக்னஸின் காதருகே, "நீ ஒண்ணும் பேசாத. பொறவு உன்னப் பேசிக்கிடுதேன். இப்பம் அடுத்த வீடு" என்றாள்.

இரண்டு பேரும் கதவு கதவாகத் தட்டினார்கள். எல்லாம் புஷ்பாவின் பேச்சை நம்பி நின்றுவிட்ட வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் புஷ்பா தன் தலையிலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். ஒருத்தன், மாவு விற்கிறவளுக்கு எதற்கு இந்த வேலை என்று தெலுங்கில் முகத்துக்கு நேரே திட்டினான். நாலு பேர் முன்னால் ஒரு சொல் பொறுக்காத புஷ்பா, ஆமாமென்று தலையை ஆட்டிவிட்டு அவன் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஆக்னஸ் பின்னாலேயே பாத்திரத்தையும் பாயையும் சுமந்துகொண்டு நடந்தாள். கண்ணீர் மழைத்தண்ணீரோடு சேர்ந்து ஓடியதால் அவள் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

தெரு மொத்தமும் ஜுலைகா வீட்டு மாடியிலும் மொட்டை மாடியிலுமாக ஏறி முடித்தபோது, புஷ்பா வீட்டின் ஜன்னலுக்கு மேல் தண்ணீர் நின்றது. கிரைண்டர் வைத்த மேசை உள்ளே எங்கேயோ போய் இடித்தது. தலைகளை எண்ணிப் பார்த்த புஷ்பா, யாரும் குறையவில்லை என்று சிலுவை போட்டுக்கொண்டாள். ஜுலைகா அத்தனை பேருக்கும் டீ போட உட்கார்ந்தாள். தேவசகாயம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மாடிக்கூடத்தின் மூலையில் ஜுலைகாவின் ஃபோன் இருந்தது. ஆக்னஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷினில் வரி வரியாக இறங்கிய கறுப்புத் திட்டுகள் அவளை விடவில்லை. இந்தத் தெரு அதில் ஒன்று. மற்றதெல்லாம் ஊர் முழுக்கக் கிடக்கின்றன; பெரும்பாலும் அவள் நடந்து அளந்த தெருக்கள்தான், பேர்கூட மறக்கவில்லை. கண்ட்ரோல் ரூம் சுவரில் அவையெல்லாம் வெள்ளை. லாரி அங்கே போகாது. அங்கே ஓடிப்போய்க் கதவைத் தட்ட யாருக்கும் தம்பி பொண்டாட்டி இல்லை.

எழுந்து போய் எண்ணைச் சுழற்றினாள்.

"சார், ஆக்னஸ் பேசுதேன். இங்க முழுகிட்டு சார். கழிச்ச படம் என் மெஷின்ல தொறந்தே இருக்கு. அதுல கறுப்பா இருக்க எடமெல்லாம் கண்ட்ரோல் ரூமுக்கு வாசிச்சுச் சொல்லுங்க. இப்பமே."

"ஆக்னஸ், நான்தான் சொன்னேனே..."

"உங்க பேரச் சொல்லாண்டாம். கம்பெனி பேரச் சொல்லாண்டாம். ஆக்னஸ்னு ஒருத்தி பள்ளத்தயெல்லாம் மூடித் தப்பாப் போட்டுட்டான்னு சொல்லுங்க. நாளைக்கு என்ன வேணா செய்ங்க."

அந்தப் பக்கமிருந்து "நக்கோ" என்று ஒரே வார்த்தை. வைத்துவிட்டார்.

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரியாவிட்டாலும், அவள் பேசிய தொனியில் ஏதோ விஷயம் இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஜுலைகா டீப் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஆக்னஸிடம் கேட்கவில்லை. புஷ்பாவிடம் கேட்டாள்.

"க்யா போல்ரை இனே?" என்ன சொல்கிறாள் இவள்?

புஷ்பா ஆக்னஸைப் பார்த்தாள். ஒரு பொய்யை வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு வந்தவள். இன்னொன்று சொல்வது அவளுக்குக் கஷ்டமில்லை. ஆக்னஸ் தலையைக் குனியாமல் நின்றாள். புஷ்பா கூடத்தில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் சொன்னது பொய் அம்மா. நான் சரியாத்தான் பாத்தேன். படம்தான் தப்பு. போட்டது இவ. இன்னும் நெறைய தெரு இதே மாதிரி இருக்காம். அவங்களுக்கெல்லாம் சொல்லணும்னு நிக்கா. அந்த ஆளு மாட்டேங்கான்." பாதி ஹிந்தி, பாதி தெலுங்கு. எல்லோருக்கும் புரிந்தது.

கீழே கடையில் பஞ்சுப் பொதி ஒன்று சரிந்து தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. ஜுலைகா படிக்கட்டு வழியாகக் குனிந்து பார்த்தாள். கார்த்திகை முகூர்த்தத்துக்கென்று வாங்கிப் போட்ட பஞ்சு. காலையில் மகன்கள் ஏற்றவா என்று கேட்டபோது, புஷ்பாவின் பேச்சை நம்பி வேண்டாமென்று தடுத்தவள் அவள்தான். நிமிர்ந்து ஆக்னஸை நோக்கி வந்தாள். ஆக்னஸை அறையப் போகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆக்னஸும் அப்படித்தான் நினைத்தாள், கன்னத்தைத் திருப்பவில்லை.

ஜுலைகா அவளைத் தாண்டிப் போய் ஃபோனை எடுத்தாள். நூறைச் சுழற்றினாள். மணி போகிற வரைக்கும் காதில் வைத்திருந்து, போலீஸ்காரன் எடுத்ததும் ரிசீவரை ஆக்னஸின் ஈரக் கையில் திணித்தாள்.

"போல்" என்றாள். "கண்ட்ரோல் ரூம் கூ மிலா போல்." கண்ட்ரோல் ரூமுக்கு இணைப்புக் கொடுக்கச் சொல்.

ஆக்னஸ் அப்படியே சொன்னாள். போலீஸ்காரன் இணைப்பை மாற்ற, கண்ட்ரோல் ரூமில் எடுத்தவன் யார், என்ன என்று கத்தினான். கூடத்தில் நின்ற தெரு முழுக்க அவள் வாயைப் பார்த்தது. புஷ்பா பக்கத்தில் வந்து நின்று, அவள் முதுகில் கையை வைத்தாள்.

"என் பேர் ஆக்னஸ்" என்று தெலுங்கில் ஆரம்பித்தாள் அவள். "உங்க சுவத்துல ஒட்டியிருக்கிற வெள்ளப் படத்தைப் போட்டது நான்தான். அந்தப் படம் தப்பு. எழுதிக்கங்க, எந்தெந்த இடம்னு சொல்றேன்."